வெள்ளைப் பூ குப்பிக்குள் வந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கடைவீதிகளில் ஒரு தூள் கொள்ளை விலைக்கு விற்றது. பாரசீகத் தூள் என்று அதற்குப் பெயர். படுக்கையில் தூவினால் மூட்டைப்பூச்சி செத்தது. துணி மடிப்பில் தூவினால் பேன் செத்தது. தூவிய ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதரசம், ஆர்சனிக் என்று பூச்சியோடு சேர்த்து வீட்டுக்காரரையும் சாய்க்கும் சரக்குகளே புழங்கிய காலம் அது. காக்கசஸ் மலைப்பக்கமிருந்து தூளை வரவழைத்த வணிகர்கள், அது எதை அரைத்துச் செய்தது என்று மூச்சுவிடவில்லை. ஜும்திக்கோஃப் என்ற ஆர்மீனிய வணிகர் மலைமக்களிடமிருந்து அந்த ரகசியத்தைக் கறந்தார் என்றும், அவர் மகன் 1828இல் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கினார் என்றும் சொல்கிறார்கள். கடைசியில் குட்டு உடைந்தபோது பலருக்கு நம்பிக்கையே வரவில்லை. அது வெறும் பூ.

சாமந்திக் குடும்பத்துப் பூ. காக்கசஸில் பூத்தது சிவப்பு வகை. அதைவிட வீரியமான வெள்ளை வகை ஒன்று, அட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியாவின் கல்லுமேடுகளில் யாரும் சீந்தாமல் பூத்துக் கிடந்தது. அழகுக்காகக் கொத்தாகப் பறித்து வைத்த ஒரு பெண்மணி, வாடியதும் அதை மூலையில் வீசினாராம். சில வாரம் கழித்துக் கூட்டப் போனபோது அதைச் சுற்றிப் பூச்சிகள் செத்துக் கிடந்தனவாம். இந்தக் கதை எவ்வளவு உண்மையோ, டால்மேஷியாவில் அந்தப் பூவைப் பயிராகவே போட ஆரம்பித்தது உண்மை. அந்த விதை உலகத்தின் மறுகோடிக்கு ஒரு கமலா ஆரஞ்சுத் தோட்டக்காரரைத் தேடிப் போகும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

ஜப்பானின் வாகயாமா பகுதியில் அரிதா என்ற ஊர் கமலா ஆரஞ்சுக்குப் பேர்போனது. அந்த ஊர்த் தோட்டக்காரக் குடும்பத்து இளைஞர் உயெயாமா எய்ச்சிரோ. பழத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பணம் பார்க்க வேண்டும் என்பது அவர் கனவு. அவருடைய ஆசிரியர் ஃபுகுசாவா யுகிச்சி, கெயோ பல்கலைக்கழகத்தை நிறுவிய பெரிய சிந்தனையாளர். 2024 வரை ஜப்பானின் பத்தாயிரம் யென் நோட்டில் இருந்தது அவர் முகம்தான். அவர் வழியாக, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த ஆமோர் என்ற நாற்று வியாபாரியின் அறிமுகம் கிடைத்தது. உயெயாமா ஆரஞ்சுக் கன்றுகளைக் கொடுத்தார். பதிலுக்கு 1886இல் அமெரிக்காவிலிருந்து ஒரு விதைப் பொட்டலம் வந்தது. அதற்குள் இருந்தது டால்மேஷியாவின் வெள்ளைப் பூ.

விதையோடு ஒரு சேதியும் வந்தது: இதைப் பயிரிட்டு அமெரிக்காவில் பலர் பணக்காரர்களாகி இருக்கிறார்கள். உயெயாமா ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் விதை கொடுத்தார். தின்ன முடியாத பூவை எதற்குப் போடுவது என்று பலர் கதவைச் சாத்தினார்கள். மனிதர் விடவில்லை. ஆனால் பூ விளைந்த பிறகு புதுச் சிக்கல் முளைத்தது. ஜப்பானியருக்குத் தொல்லை மூட்டைப்பூச்சியை விடக் கொசுதான். பறக்கிற கொசுவின் மேல் எப்படித் தூள் தூவுவது? மரத்தூளோடு கலந்து கணப்பில் போட்டுப் புகைத்துப் பார்த்தார்கள். கொசு ஓடியது. ஆனால் கொசு மொய்ப்பதே கோடையில். அந்தப் புழுக்கத்தில் வீட்டுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு யார் தூங்குவது?

தீர்வு ஒரு விடுதி அறையில் கிடைத்தது. டோக்கியோவில் தங்கியிருந்தபோது, பக்கத்தில் தங்கியவர் சகாய் நகரத்து ஊதுவத்தி வியாபாரியின் மகன். பேச்சோடு பேச்சாக உயெயாமாவுக்குப் பொறி தட்டியது. பூத்தூளைப் பசையோடு பிசைந்து ஊதுவத்தியாகத் திரட்டினால்? 1890இல் உலகின் முதல் கொசு ஊதுவத்தி பிறந்தது. சாமிக்கு ஏற்றுவது போல ஏற்றினால் போதும். ஆனால் நாற்பது நிமிடத்தில் அது எரிந்து முடிந்தது. புகை மெலிசு என்பதால் இரண்டு மூன்று ஏற்ற வேண்டியிருந்தது. சரிந்து பாயில் விழுந்தால் வீடே பற்றிக்கொள்ளும். தடிமனாகச் செய்தால் புகை அதிகம். நீளமாகச் செய்தால் ஒடிந்தது. ஐந்து வருடம் இந்த இடத்திலேயே நின்றார்.

1895இல் ஒருநாள் அவர் மனைவி யுகி கிடங்குக்குப் போனார். மூலையில் ஒரு பாம்பு சுருண்டு படுத்திருந்தது. வேறொருவராக இருந்தால் கூச்சல் போட்டிருப்பார். யுகி ஓடி வந்து கணவரிடம் சொன்னது வேறு: நீளமான வத்தியை ஏன் இப்படிச் சுருட்டக் கூடாது?

யோசனை ஒரு நொடியில் வந்தது. பொருள் கைக்கு வர ஏழு வருடம் ஆனது. ஈர மாவைச் சுருட்டினால் பிளந்தது, காயும்போது கோணியது. கடைசியில் இரண்டு வத்திகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கையாலேயே சுற்றினார்கள். இப்போதும் பெட்டியில் இரட்டையாகப் பின்னிக்கொண்டு வருவதும், பிரிக்கும்போது ஒன்று ஒடிந்து தொலைப்பதும் அந்த ஏற்பாட்டின் வாரிசுதான். 1902இல் சுருள் விற்பனைக்கு வந்தது. நடுவில் ஒரு தகரக் குத்தி, விடிய விடியப் புகை, விழுந்து பற்றும் பயமும் இல்லை. அடுத்த நூற்றாண்டில் ஆசியா முழுக்க அது புகைந்தது. நம் ஊரில் கொசுவத்தி என்றானது. சினிமாவில் ஃப்ளாஷ்பேக் வந்தால் 'கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சாச்சு' என்று கேலி பேசும் அளவுக்கு வீட்டுப் பொருளானது. அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்று நெடுநாள் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

இதற்கிடையே அமெரிக்காவில் கதை வேறு தடத்தில் ஓடியது. தூளைத் தூவவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். பூவின் சத்தை எண்ணெயில் இறக்கித் தெளித்தால் என்ன என்று ஒரு பெட்ரோலியக் கம்பெனி யோசித்தது. அதன் கையில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. 1923இல் 'ஃபிளிட்' வந்தது: மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த மெல்லிய எண்ணெய், அதில் கரைந்த பூச்சத்து, தெளிக்க ஒரு தகரக் கைப்பம்பு. சென்னை வீடுகளில் பழைய ஆட்கள் இன்னமும் எந்தக் கொசு மருந்தைத் தெளித்தாலும் 'ஃபிளிட் அடிக்கிறது' என்பார்கள். இதற்குப் பதினேழு வருடம் வேடிக்கைச் சித்திர விளம்பரம் வரைந்தவர், பின்னால் குழந்தைகளுக்கான புத்தகங்களால் உலகப் புகழ்பெற்ற டாக்டர் சூஸ். மருந்து பிரபலமான வேகத்தில், அதைச் சுமந்து வந்த எண்ணெயை யாரும் கவனிக்கவில்லை. இந்தக் கதையில் மண்ணெண்ணெய் நுழைந்த இடம் இதுதான். பிறகு அது வெளியே போகவே இல்லை.

அடுத்த அடி இரண்டாம் உலகப் போரில் விழுந்தது. உலகத்துக்குப் பூவை விற்றுக்கொண்டிருந்த ஜப்பான் எதிரி நாடானது. பசிபிக் தீவுகளில் அமெரிக்கச் சிப்பாய்கள் குண்டுக்கு இணையாக மலேரியாவுக்கும் சுருண்டார்கள். கிடைத்த கொஞ்சம் பூச்சத்தை எப்படிப் பெருக்குவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்குக் கைகொடுத்தது நல்லெண்ணெய். பூச்சத்தோடு எள்ளெண்ணெய் சேர்ந்தால் அதன் வீரியம் கூடுகிறது என்று அதற்குச் சற்று முன்புதான் கண்டுபிடித்திருந்தார்கள். குட்ஹ்யூ, சல்லிவன் என்ற இரு அரசு விஞ்ஞானிகள் இரண்டையும் அழுத்த வாயுவோடு இரும்புக் குப்பியில் அடைத்தார்கள். சிப்பாய்கள் அதைப் 'பூச்சிக் குண்டு' என்றார்கள். இன்று அலமாரியில் நிற்கும் ஸ்ப்ரே டப்பாக்களுக்கெல்லாம் மூதாதை அது. ஆனாலும் பூ பற்றவில்லை. பூவே இல்லாமல் பூச்சத்து வேண்டும் என்ற நெருக்கடி வந்தது.

பூச்சத்து எதனால் ஆனது என்பதை ருசிக்கா, ஷ்டௌடிங்கர் என்ற இருவர் 1924இலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தடத்தைப் பிடித்துப் போய், 1949இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வகம் அல்லெத்ரின் என்ற செயற்கைப் பூச்சத்தை உருவாக்கியது. ஆனால் சந்தையில் அப்போது டிடிடிதான் ராஜா. 1962இல் பூச்சிமருந்துகளின் கேட்டைச் சொன்ன ரேச்சல் கார்சனின் புத்தகம் வந்து டிடிடி மதிப்பிழக்கத் தொடங்கியதும், உலகம் மறுபடி அந்தப் பூக்குடும்பத்தின் பக்கம் திரும்பியது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழு, வெயிலிலும் அழியாத பெர்மெத்ரினை 1973இல் அறிவித்தது. பூவின் இயல்பு வெயில் பட்டால் அழிவது. அதன் பேரப்பிள்ளைகள் அப்படியில்லை.

இந்தியாவில் அதற்கு முன்பே ஒரு பேரிழப்பு நடந்திருந்தது. 1958இல் கப்பலில் கோதுமை மாவு மூட்டைகளோடு ஃபாலிடால் என்ற பூச்சிமருந்தும் ஏறியது. மருந்து கசிந்து மாவில் இறங்கியது. அந்த மாவைத் தின்று கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை, குழு, அறிக்கை என்று பத்து வருடம் இழுத்து, 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. பதிவு செய்யாத மருந்தை விற்கக் கூடாது, நச்சின் அளவைக் காட்டும் வண்ண முக்கோணம் லேபிளில் இருக்க வேண்டும் என்ற விதிகளெல்லாம் அந்தச் சாவுகளிலிருந்து வந்தவை. ஆனால் சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது வயலும் கிடங்கும். படுக்கையறைக்குள் வரப்போகும் சாதனம் அப்போதுதான் ஜப்பானில் தயாராகியிருந்தது.

1963இல் ஃபுமாகில்லா என்ற ஜப்பானியக் கம்பெனி, அல்லெத்ரின் ஊறிய சின்ன அட்டையை மின்சாரச் சூட்டில் வைத்தது. நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, புகையும் இல்லை. 1980களில் அந்த நீல அட்டை 'குட்நைட்' என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. கொண்டுவந்த ஆர். மோகன் பிறகு 'குட்நைட் மோகன்' என்றே சினிமா உலகில் அறியப்பட்டார். 'கிலுக்கம்' அவர் தயாரித்த படம். கொசுவத்திப் புகையில் இருமிய வீடுகள் அட்டைக்கு மாறின. ஒரே ஒரு வேலை மிச்சம் இருந்தது: தினம் ராத்திரி அட்டையை மாற்றுவது. அதையும் ஒழிக்க முடியுமா?

முடிந்தது. 1984இல் இன்னொரு ஜப்பானியக் கம்பெனி அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒரு குப்பியைக் கொண்டுவந்தது. குப்பிக்குள் எண்ணெய், எண்ணெயில் திரி, திரியின் நுனியைச் சுற்றிச் சூடாகும் வளையம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மருந்து மேலே ஏறி ஆவியானது. ஒருமுறை மாட்டினால் மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. 1990இல் இந்தியாவுக்கும் வந்தது. இன்று தமிழ்நாட்டில் மளிகைக் கடை பட்டியலில் உப்பு, புளி, சோப்போடு சேர்ந்து எழுதப்படும் 'கொசு லிக்விட் ரீஃபில் ஒண்ணு' அதுதான்.

நாற்பத்தைந்து மில்லி குப்பி. லேபிளில் பெரும்பாலும் பிராலெத்ரின் அல்லது டிரான்ஸ்ஃபுளூத்ரின், 1.6 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. மீதி? பெரும்பகுதி மணம் நீக்கிய மண்ணெண்ணெய், கொஞ்சம் வாசனை. 1923இல் ஃபிளிட்டோடு நுழைந்த அதே எண்ணெய். அரசு ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டுகளில் ஒரு காலத்தில் அடிக்கடி வந்த கேஸ் மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைகள். ஸ்டவ் பக்கத்தில், சோடா பாட்டிலில், தண்ணீர் மாதிரி இருக்கும். தவழ்ந்து வந்த குழந்தை எடுத்துக் குடித்துவிடும். காஸ் அடுப்பு வந்தது, ஸ்டவ் போனது, அந்தத் தொல்லை விட்டது என்று தாய்மார்கள் பெருமூச்சு விட்டார்கள். சமையலறையிலிருந்து வெளியேறிய மண்ணெண்ணெய், பூ வாசனையோடு படுக்கையறை வழியாகத் திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை.

அது வந்து உட்கார்ந்த இடமும் மோசமான இடம். பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டு ஆள் உயரத்தில் இருந்தது. புதிய வீடுகளில் கட்டிலோரமாக, தரையிலிருந்து ஓர் அடியில் பிளக் பாயிண்ட் வைத்தார்கள். தவழும் குழந்தையின் கண்ணுக்கு நேராகச் சிவப்பு விளக்கு மினுக்கும் ஒரு பொம்மை. இழுத்தால் கையோடு வந்துவிடும், திரியைச் சப்பலாம், அடைப்பு தளர்ந்திருந்தால் கவிழ்த்துக் குடிக்கலாம். மாற்றுக் குப்பி மருந்துச் சீசாக்களோடு மேசை இழுப்பறையில் இருக்கும். தீர்ந்த குப்பி விளையாடக் கிடைக்கும், அடியில் ஒரு வாய் மிச்சத்தோடு. இந்த வீடுகளில் எதிலும் பிள்ளை மேல் அக்கறை இல்லாமல் இல்லை. டெங்குவுக்குப் பயந்து, பிள்ளையைக் கொசு கடிக்கக் கூடாது என்று மாட்டியதுதான் அது. அதை நினைக்கும்போதுதான் மனசு ஆறவில்லை.

பூக்குடும்பத்து மருந்துகள் வேலை செய்யும் விதம் எளிது. நரம்பில் சோடியம் போய்வரும் வாசலைத் திறந்தபடியே நிறுத்திவிடுகின்றன. நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி விழுகிறது. மனித உடம்பிலும் அதே வாசல்தான். ஆனால் வளர்ந்தவரின் கல்லீரல் இவற்றை விரைவாக உடைத்துவிடுகிறது. அந்தத் திறன் பிறக்கும்போதே முழுதாக வருவதில்லை. இதே குடும்பத்து டெல்டாமெத்ரினை வைத்துச் செய்த சோதனைகளில், வளர்ந்த எலிகள் தாங்கிய அளவை எலிக்குட்டிகள் தாங்கவில்லை. 'மனிதருக்கு ஒன்றும் ஆகாது' என்று இருநூறு வருடமாகச் சொல்லிவந்த வாக்கியம் பெரியவர்களை வைத்துச் சொன்னது. தரையிலேயே வாழ்ந்து, கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் ஒன்றரை வயது மனிதரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மற்ற உருப்படிகளின் குட்டும் ஒவ்வொன்றாக உடைந்தது. கொசுவத்திப் புகையை 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது: ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம். ஏசி போட்டுக் கதவைச் சாத்திய அறையில், தொட்டிலுக்கடியில் அந்தச் சுருளைக் கொளுத்தி வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கரப்பானுக்காகச் சுவரோரம் கோடிழுக்கும் மருந்துச் சாக்பீஸ், சிலேட்டுக் குச்சியைப் போலவே இருக்கிறது. கோடு இழுக்கும் இடமும் குழந்தை தவழும் தடமும் ஒன்று. 1902இல் காலாவதியான கொசு ஊதுவத்தி கூட உயிர்த்தெழுந்து பெட்டிக்கடைக்கு வந்துவிட்டது. அவற்றில் பல சட்டப்படி பதிவாகாதவை. இந்தியாவில் அனுமதி பெறாத ரசாயனம் ஊறிய வத்தி, சாமி படத்துப் பக்கத்திலேயே புகைகிறது. ஃபாலிடால் சாவுகளில் பிறந்த முக்கோணம் அந்தப் பொட்டலத்தில் இருக்காது.

இத்தனைக்கும் அந்தப் பூ குழந்தைகளுக்கு எதிரி அல்ல. எலியட்டின் பெர்மெத்ரினைக் கொசுவலையில் நனைத்துக் காயவைத்து, ஆப்பிரிக்காவின் காம்பியா கிராமங்களில் கட்டிப் பார்த்தார்கள். 1991இல் முடிவு வந்தபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது: ஒன்றிலிருந்து நாலு வயது வரையிலான குழந்தைகளின் சாவு 63 சதவீதம் குறைந்திருந்தது. அதே குடும்பத்து மருந்துதான். ஆனால் நூலோடு ஒட்டியிருந்தது. குப்பியில்லை, எண்ணெயில்லை, புகையில்லை. நகரத்து வீடுகளில் வலை கட்டுவது பழைய பழக்கம் என்று கழற்றி வைக்கப்பட்ட அதே வருடங்களில் இது நடந்தது.

வலை போன வீடுகளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்துவிட்டு வந்தார்கள். பிள்ளை குடித்ததைப் பார்த்ததும் தொண்டைக்குள் விரலை விட்டு, உப்புத் தண்ணீர் கொடுத்து, எப்படியாவது வாந்தி எடுக்க வைத்தார்கள். டாக்டர்கள் பயந்ததே அந்த வாந்திக்குத்தான். மண்ணெண்ணெய் வயிற்றில் இருக்கும்வரை பெரும்பாலும் சும்மா இருக்கும். மேலே வரும்போது மூச்சுக்குழாயில் சில துளி நழுவினால் போதும். நுரையீரலில் பரவி, சளிக்காய்ச்சல் போல மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் வயிற்றைக் கழுவும் குழாயையும் டாக்டர்கள் இந்தக் கேஸில் சட்டென்று கையில் எடுப்பதில்லை.

அவர்கள் முதலில் கேட்டது, 'பாட்டிலைக் கொண்டு வந்தீங்களாம்மா?' என்பது. லேபிளைப் பார்த்தால் எந்த மருந்து, எத்தனை சதவீதம், எந்த எண்ணெய் என்று தெரிந்துவிடும். மட்டத்தைப் பார்த்தால் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று மதிப்பிடலாம். முறிமருந்து என்று எதுவும் கிடையாது. வலிப்பு வந்தால் வலிப்புக்கு மருந்து, மூச்சு இழுத்தால் ஆக்சிஜன், தேவைப்பட்டால் எக்ஸ்ரே. பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் குறைந்தது ஆறு மணி நேரம் வார்டிலேயே வைத்து மூச்சை எண்ணினார்கள். எண்ணெய் நுரையீரலைத் தொட்டிருந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் இருமலிலும் இழுப்பிலும் காட்டிக்கொடுத்துவிடும்.